1969 குடியரசுத் தலைவர் தேர்தல்: எத்தனை பேர் மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும்?

நகரிக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, என் தந்தையாரின் பழைய நெசவுக் கணக்கு நோட்டு ஒன்று தகரப் பெட்டியிலிருந்து கிடைத்தது. இடப்பக்கத்தில் பாவு, ஊடை, கூலி என்று வழக்கமான கணக்குகள். வலப்பக்கத்தில் "1969 ஆகஸ்டு" என்று தலைப்பிட்டு, ஊதா மசியில், அழகான கையெழுத்தில் வேறொரு கணக்கு, அந்த ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வி.வி.கிரி, சஞ்சீவ ரெட்டி, சி.டி.தேஷ்முக் மூவரும் பெற்ற வாக்குகள்: கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கடைசி வரியில் அடிக்கோடிட்டு, "12 எம்.பி. மாறியிருந்தால் போதும்" என்று எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு இருபது வயது. படிப்பகத்தில் நாளிதழைப் பார்த்து எழுதிக்கொண்டதாக இப்போது சொல்கிறார்.

அந்தத் தேர்தலை ஆந்திர எல்லையோரத்து எங்கள் நகரி எப்படிப் பார்த்தது என்று அவரிடம் கேட்டேன். தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் சஞ்சீவ ரெட்டியை "நம்ம சீமைக்காரர்" என்று உரிமையோடு சொன்னார்களாம். அனந்தபுரம் மாவட்டத்து இல்லூரில் பிறந்தவர், 1956இல் ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் ஆனவர் என்ற பெருமை அவர்களுக்கு. எங்கள் தெருத் தமிழர்களில் காங்கிரஸ் குடும்பங்களும் ரெட்டி பக்கம்தான், ஆனால் அதற்குக் காரணம் காமராசர். அவர் யாரை நிறுத்துகிறாரோ அவருக்கே எங்கள் ஆதரவு என்று இருந்தவர்கள் அவர்கள். கழகத்தின் மீது பற்றுக்கொண்ட இளைஞர்கள் மட்டும் கிரி வெல்ல வேண்டும் என்று வாதிட்டிருக்கிறார்கள். ஒரே தறிக்கூடத்தில் மூன்று கட்சி.

என் கேள்வி இதுதான். அப்பா எழுதிய அந்தப் பன்னிரண்டு சரியா? முதல் எண்ணிக்கைக்கும் இரண்டாவதற்கும் இடையில் இவ்வளவு பெரிய மாற்றம் எப்படி வந்தது? கணக்குத் தெரிந்தவர்கள் விளக்கினால் அவரிடம் படித்துக் காட்டுவேன்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் எழுதியது:

நகரி நண்பருக்கு வணக்கம். சித்தூர் வட்டத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் சித்தூர் அல்ல, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர். எல்லையோரத் தமிழர்களுக்கு இரண்டு சித்தூர்கள் உண்டு என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் தந்தையார் எழுதிய எண்கள் அனைத்தும் சரியானவை. இந்தத் தேர்தலில் வாக்களிப்பவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் மட்டுமே. அந்த எண்கள் தலைகளின் எண்ணிக்கை அல்ல, வாக்கு மதிப்புகளின் கூட்டுத்தொகை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு. 1969இல் 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே அடிப்படை. அதன்படி தமிழ்நாட்டு உறுப்பினருக்கு 144, எங்கள் கேரள உறுப்பினருக்கு 127, உங்கள் ஆந்திர உறுப்பினருக்கு 125. எல்லா மாநிலங்களின் மதிப்பையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் 748 பேருக்குப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் 576 வருகிறது.

உங்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. பேருந்தில் அரை மணி நேரத் தொலைவுதான். ஆனாலும் திருத்தணியின் உறுப்பினர் 144 மதிப்புள்ள வாக்கையும், நகரியின் உறுப்பினர் 125 மதிப்புள்ள வாக்கையும் போட்டார்கள். எல்லைக்கோடு இந்தக் கணக்கிலும் குறுக்கே ஓடுகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. செல்லுபடியான வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெல்வதற்கு அதில் பாதியைத் தாண்டி, அதாவது 4,18,169 பெற வேண்டும். வாக்களிப்பவர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை குறிப்பார். முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 16,654 குறைவாக இருந்தது. அன்று களத்தில் 15 வேட்பாளர்கள் இருந்தார்கள். கடைசி இடத்தில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்கி, அவருடைய வாக்குச்சீட்டில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்த்து அந்த வேட்பாளரின் கட்டுக்கு மாற்றிக்கொண்டே வர வேண்டும். தேஷ்முக்கின் கட்டு பிரிக்கப்பட்டபோதுதான் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. நீக்கப்பட்ட 13 பேரின் வாக்குகளிலிருந்து ரெட்டிக்குக் கூடுதலாகக் கிடைத்தது 91,879, கிரிக்குக் கிடைத்தது 18,562 மட்டுமே. அந்தப் பதினெட்டாயிரமே கிரிக்குப் போதுமானதாக இருந்தது. தேவையான எண்ணிக்கையை அவர் வெறும் 1,908 மதிப்பால் தாண்டினார். ஏறத்தாழ மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாக்கு.

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல்களில் இரண்டாம் விருப்பம் வரை எண்ண வேண்டி வந்தது அந்த ஒரே முறைதான்.

சத்தியவேடு வாசகர் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் மிகத் தெளிவாக இருக்கிறது. ஆனால் எண்களுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டால், இளையவர்களுக்கு இது ஏதோ வகுத்தல் கணக்கு என்று தோன்றிவிடும் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். துணைத் தலைவராக இருந்த வி.வி.கிரி பொறுப்புத் தலைவர் ஆனார். ஜூலை மாதம் பெங்களூரில் காங்கிரஸ் கூடியபோது, பிரதமர் இந்திரா காந்தி ஜெகஜீவன் ராமின் பெயரைச் சொல்ல, காமராசர், கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, எஸ்.கே.பாட்டீல், மொரார்ஜி தேசாய் முதலிய மூத்தவர்கள் மக்களவைத் தலைவர் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக முடிவு செய்தார்கள். அதன் பின் நாட்கள் மிக வேகமாக உருண்டன. மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. ஜூலை 19 அன்று 14 வங்கிகள் அவசரச் சட்டத்தால் நாட்டுடைமை ஆயின. அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட கிரி, மறுநாளே பதவி விலகிச் சுயேச்சை வேட்பாளராகக் களத்தில் இறங்கினார். துணைத் தலைவர் பதவியும் காலியானதால் தலைமை நீதிபதி இதயத்துல்லா பொறுப்புத் தலைவராக அமர்ந்தார்.

சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநரான சி.டி.தேஷ்முக்கை நிறுத்தியிருந்தன. அவர்களுடைய இரண்டாம் விருப்ப வாக்கை ரெட்டிக்குத் தரும்படி நிஜலிங்கப்பா கேட்டதுதான் பெரும் திருப்பம். வலதுசாரிகளோடு கை கோத்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்டிய இந்திரா தரப்பு, மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்ற அறைகூவலை விடுத்தது. ஆகஸ்டு 16 அன்று வாக்குப்பதிவு, 20 அன்று எண்ணிக்கை, 24 அன்று பதவியேற்பு. நவம்பரில் காங்கிரசே இரண்டாக உடைந்தது.

ஆகவே என் கருத்தில், அந்தத் தேர்தலைத் தீர்மானித்தது மனச்சாட்சி வாக்கு என்ற அந்த ஒரே சொல்தான். அந்தச் சொல் இல்லாவிட்டால் இரண்டாம் எண்ணிக்கைக்கே தேவை வந்திருக்காது. ரெட்டி முதல் சுற்றிலேயே வென்றிருப்பார்.

தேவிகுளம் மகள் எழுதியது:

எல்லோரும் இந்திரா காந்தியையும் காமராசரையும் பற்றியே பேசுகிறீர்கள். வென்றவர் யார் என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்து வளர்ந்தவள். எங்கள் லயத்தில் அரசியல்வாதிகளின் படம் மாட்டுகிற வழக்கம் அதிகம் இல்லை. ஆனால் என் தாத்தா தம் தொழிற்சங்கச் சந்தா அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி மாடத்தில் வைத்திருப்பார். அந்த அட்டைக்குப் பின்னால், செய்தித்தாளிலிருந்து வெட்டிய கிரியின் படம் நான்காக மடித்து இருக்கும். கிரி 1960 முதல் 1965 வரை கேரளத்தின் ஆளுநராக இருந்தவர். தாத்தாவுக்கு அது பெரிதல்ல. "அவர் சங்கத்துக்காரர்" என்பார், அவ்வளவுதான்.

அது வெறும் பாசம் அல்ல. இரயில்வேத் தொழிலாளர்களைத் திரட்டியவர் கிரி. 1937இல் பொப்பிலி அரசரைத் தேர்தலில் தோற்கடித்து, இராஜாஜியின் சென்னை அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பெற்றார். 1952இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சர் ஆனார். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1954 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அந்தத் துறை அவரிடம்தான் இருந்தது. வீடு, குடிநீர், மருத்துவம், பிள்ளைக் காப்பகம் என்று லயத்துக்காரர்கள் எதைக் கேட்டாலும், நெடுங்காலம் அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் கேட்டுவந்தோம். அதே 1954இல், வங்கி ஊழியர்களுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை அரசு திருத்தியபோது, அதை ஏற்காமல் அமைச்சர் பதவியைத் துறந்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து வங்கிகளை நாட்டுடைமை ஆக்கும் அவசரச் சட்டம் அவருடைய மேசைக்கே கையெழுத்துக்கு வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் சிலிர்க்கிறது.

1969இல் எங்கள் லயத்தில் வானொலி கங்காணி வீட்டில் மட்டும்தான் இருந்தது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த கூடையைக்கூட இறக்கி வைக்காமல் பெண்கள் அவர் வாசலில் நின்று முடிவைக் கேட்டதாக அம்மா சொல்வார். தங்களுக்கு வாக்கே இல்லாத ஒரு தேர்தலின் முடிவை.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் எழுதியது:

தேவிகுளம் சகோதரியின் பதிவை இரண்டு முறை படித்தேன். நன்றி, அம்மா.

சத்தியவேடு நண்பருக்கு ஒரு மறுப்பு. மனச்சாட்சி அறைகூவலின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "அந்த ஒரே சொல்தான்" என்று முடிப்பதற்கு எண்கள் இடம் தரவில்லை.

கிரிக்கும் ரெட்டிக்கும் இறுதி வேறுபாடு 14,650. 1967 பொதுத் தேர்தலில் தி.மு.க. வென்ற மக்களவை இடங்கள் 25. அவற்றின் மதிப்பை மட்டும் பெருக்கிப் பார்த்தால் 14,400 வருகிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அக்கட்சிக்கு 130க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். தலைக்கு 144 என்று வைத்தால் அது மட்டுமே 18,700ஐத் தாண்டும். இரண்டையும் கூட்டினால் வேறுபாட்டைப் போல் இரு மடங்குக்கும் மேல். அண்ணா பிப்ரவரி 3 அன்று மறைந்து, கலைஞர் முதலமைச்சராகி ஆறு மாதமே ஆன நேரம் அது. அந்தக் கட்சி கிரியை ஆதரிக்காமல் வாக்கெடுப்பில் ஒதுங்கி நின்றிருந்தாலே கிரி தோற்றிருப்பார்.

கேரளத்தையும் பாருங்கள். 133 பேர் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு 1967இல் கிடைத்தவை ஒன்பதே இடங்கள். ஈ.எம்.எஸ். தலைமையில் ஏழு கட்சிகளின் கூட்டாட்சி. இந்த அவையின் முழு மதிப்பு 16,891. அதில் காங்கிரசின் பங்கு 1,143. காங்கிரஸ் மேலிடத்தில் நடந்த சண்டைக்கு எங்கள் அவையில் எதிரொலிக்கவே இடம் இல்லை. 1967இல் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் மக்கள் போட்ட வாக்கு, இரண்டு ஆண்டுகள் கழித்து டில்லியில் எண்ணப்பட்டது என்றே நான் என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

சத்தியவேடு வாசகர் எழுதியது:

ஐயா, உங்கள் பெருக்கலை ஏற்கிறேன். ஆனால் மறுபக்கத்தையும் கூட்டுங்கள். மக்களவையில் தி.மு.க. 25, இந்தியக் கம்யூனிஸ்டு 23, மார்க்சிஸ்டு 19, ஆக 67 பேர். மதிப்பு 38,592. கேரள அவை முழுவதையும் கிரிக்கே கொடுத்து, தமிழ்நாட்டுக் கழக உறுப்பினர்களையும் சேர்த்தாலும் எண்பதாயிரத்தை எட்டவில்லை. கிரி முதல் எண்ணிக்கையில் பெற்றது நான்கு இலட்சம். மற்ற மாநிலங்களின் சிறு கட்சிகளை எவ்வளவு தாராளமாகச் சேர்த்தாலும், மீதியில் மிகப் பெரும் பங்கு காங்கிரஸ்காரர்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் எதிரே நிற்க, அவர்கள் கட்டுப்பாட்டை மீறிப் போட்ட வாக்கு அது. என் பாட்டனார் காமராசருக்காக வீட்டுத் திண்ணையில் நிதி திரட்டியவர். அவரை அன்று உலுக்கியது தி.மு.க.வின் 25 இடங்கள் அல்ல, சொந்தக் கட்சிக்காரர்களே காமராசரின் சொல்லை மீறினார்கள் என்ற செய்திதான். அந்த ஆண்டு சனவரியில்தான் நாகர்கோவிலில் காமராசரை ஊரே கூடி வெல்ல வைத்திருந்தது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் எழுதியது:

நீங்கள் சொல்வது நியாயம். பெரும் குவியல் காங்கிரசிலிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குவியலின் விளிம்பில் நின்று கரையேற்றியவை மாநிலக் கட்சிகள் என்ற என் கருத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குப்பம் இளைஞர் எழுதியது:

நான் வயதில் இளையவன், பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும். இறுதிச் சுற்றின் இரண்டு எண்களையும் கூட்டினால் 8,25,504 தான் வருகிறது. மொத்தமோ 8,36,337. இடையில் 10,833 எங்கே போனது? அவை ரெட்டிக்கு வர வேண்டியவை என்றும், அவை வந்திருந்தால் அவரே வென்றிருப்பார் என்றும் எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் உறுதியாகச் சொல்கிறார்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. அவை காணாமல் போகவில்லை, தேய்ந்துவிட்டன. தேஷ்முக்குக்கோ வேறொரு வேட்பாளருக்கோ முதல் விருப்பத்தைக் குறித்துவிட்டு, கிரி, ரெட்டி இருவருக்குமே எந்த விருப்பமும் குறிக்காமல் விட்டவர்களின் சீட்டுகள் அவை. அடுத்த விருப்பம் இல்லாத சீட்டை யாருடைய கட்டுக்கும் மாற்ற முடியாது.

பெரியவரின் முடிவு மட்டும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. 10,833ஐ முழுவதுமாக ரெட்டிக்கே கொடுத்தாலும் அவருக்கு 4,16,260 தான் வரும். கிரி 4,20,077இல் நிற்கிறார்.

சில்லறை வேட்பாளர்களின் எண்களையும் பார்க்கச் சொல்வேன், ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதரைக் காட்டக்கூடியது. ஒருவர் பெற்றது 94. அது அரியானாவின் ஒரு சட்டமன்ற உறுப்பினருடைய மதிப்பு. இருவர் தலைக்கு 125 பெற்றார்கள். ஆந்திரம், மேற்கு வங்காளம், ஒரிசா மூன்றுக்கும் அதே மதிப்பு. இன்னொருவர் 576. ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டின் நான்கு சட்டமன்ற உறுப்பினர்களைக் கூட்டினாலும் அதே 576 தான். இரகசிய வாக்கெடுப்பில் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் ஆசைக்கு அங்கே ஒரு தடை விழுகிறது.

புத்தூர் வழக்கறிஞர் எழுதியது:

சட்டத்தின் பக்கத்திலிருந்து சுருக்கமாகச் சொல்கிறேன். வாக்குப்பதிவுக்கு முன்னர் ரெட்டியை இழிவுபடுத்தும் பெயரில்லாத் துண்டறிக்கை ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே பரவியது. அதை முன்வைத்துத் தேர்தலைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. பதவியில் இருந்த குடியரசுத் தலைவரே நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சியம் அளித்தார். 1970இல் வழக்கு தள்ளுபடி ஆனது. 1974இல் சட்டத்தைத் திருத்தியபோது, வேட்புமனுவை வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து பத்துப் பேர் வழிமொழிய வேண்டும் என்றும், வாக்காளர்கள் வழக்குத் தொடுப்பதானால் குறைந்தது இருபது பேர் சேர்ந்தே தொடுக்க வேண்டும் என்றும் ஆக்கினார்கள். இப்போது முன்மொழிபவர் 50, வழிமொழிபவர் 50. ஒற்றை இலக்க ஆதரவுகூட இல்லாதவர்கள் 1969இல் வரிசையாக நின்றது போல இனி நிற்க முடியாது.

இன்னொன்றையும் சேர்க்கிறேன், எங்கள் மாநிலத்துக்காரர் என்பதால். தோற்ற ரெட்டி ஊருக்குத் திரும்பி வேளாண்மையில் இறங்கினார். 1977இல் நந்தியாலில் நின்று, ஆந்திரத்திலிருந்து ஜனதாக் கட்சியின் ஒரே மக்களவை உறுப்பினராக டில்லிக்குச் சென்றார். அதே ஆண்டு போட்டியே இல்லாமல் குடியரசுத் தலைவர் ஆனார். ஜூலை 25 அன்று புதிய தலைவர் பதவியேற்கும் வழக்கம் அவரிடமிருந்து தொடங்குகிறது.

நகரிக்காரர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பின் முழு இழையையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தேவிகுளம் சகோதரியின் பதிவு வந்தபோது மறுபடியும் படிக்கச் சொன்னார். நான் அன்று ரெட்டி பக்கம், ஆனால் அந்தப் பெண்கள் கூடையோடு நின்றது எனக்குப் புரிகிறது என்றார்.

பிறகு பன்னிரண்டைச் சரிபார்த்தோம். ஒருவர் இங்கிருந்து அங்கு மாறினால் வேறுபாடு அவருடைய வாக்கு மதிப்பைப் போல் இரு மடங்கு குறையும் என்பதால், 14,650இல் பாதியான 7,325ஐ 576ஆல் வகுக்க வேண்டும். 12க்கு மேல் மீதி நிற்கிறது. பன்னிரண்டு பேர் மாறினால் குறைவது 13,824 மட்டுமே, கிரி அப்போதும் வெல்வார். பதின்மூன்று பேர் என்றால் 14,976. மீதியை விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, பேனாவைக் கேட்டு வாங்கி, நோட்டில் 12ஐ அடித்து 13 என்று எழுதினார்.

அத்தோடு விடவில்லை. சட்டமன்ற உறுப்பினராக இருந்தால், நம் ஆந்திரத்துக்காரர் எத்தனை பேர் என்று கேட்டார். 125ஆல் வகுத்தோம். 59 வந்தது. அதையும் 13க்குக் கீழே எழுதிக்கொண்டார்.